பத்தாங்காலியில் வீடு, கோலாலம்பூரில் வேலை: புதிதாகக் குடிவருபவர்களுக்கு

வேலைக்காகத் தலைநகர்ப் பக்கம் வரும் நம் பிள்ளைகளில் பலர் இப்போது கோலாலம்பூருக்குள் வீடு எடுப்பதில்லை. சுங்கை சிப்புட், கூலிம், லாபிஸ் என்று எங்கிருந்து புறப்பட்டாலும், ரவாங்கைத் தாண்டி வடக்கே இருக்கும் செரெண்டா, பத்தாங்காலி, ராசா, கோலகுபுபாரு போன்ற தோட்டத்து ஊர்களில்தான் பெட்டியை இறக்குகிறார்கள். தலைநகரில் ஓர் அறைக்குக் கொடுக்கும் வாடகைக்கு இங்கே சில நேரம் ஒரு தரை வீடே கிடைத்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். நகரத்தில் "இந்தியர்களுக்கு இல்லை" என்று வாடகை விளம்பரத்திலேயே போடும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். இங்கே அந்த அவமானம் குறைவு. நடக்கிற தூரத்தில் கோயில் இருக்கிறது, பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது, பசியாற நம் கடை இருக்கிறது.

இதற்குப் பதிலாக நாம் கொடுப்பது நேரம். பத்தாங்காலியிலிருந்து கோலாலம்பூரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள தூரம் தனிக் கணக்கு.

காலையில் எப்படிப் போவது என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மாலையில் எப்படி வீடு திரும்புவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. காலையில் உடம்பில் தெம்பு இருக்கும், மழை இருக்காது, எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். மாலையில் களைப்பு, மழை, கூட்டம், இருட்டு நான்கும் சேர்ந்து வரும். அதனால் வீடு பார்ப்பதிலிருந்து வேலை நேரம் பேசுவது வரை எதையும் திரும்பி வரும் வழியை வைத்தே முடிவு செய்யுங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்லப்போவது அதைச் சுற்றித்தான்.

வீடு பார்க்கும்போது

வீட்டைப் பகலில் ஒரு முறை பாருங்கள், இரவு எட்டு மணிக்கு மேல் இன்னொரு முறை பாருங்கள். ரயில் நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து அந்த வீட்டுக்கு நீங்களே போய்ப் பாருங்கள். தெருவிளக்கு எரிகிறதா, வழியில் நாய்க்கூட்டம் உண்டா, கடைசித் துண்டு செம்மண் சாலையா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வாடகை குறைகிறது என்று நிலையத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டால், அந்த ஐம்பது வெள்ளியை முதல் வாரத்திலேயே கிராப் (செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்) வாங்கிக்கொள்ளும். அதுவும் கிடைத்தால்தான். இரவில் சின்ன ஊரில் கிராப் ஓட்டுநர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

வாடகைக்கு முன்பணமாக இரண்டு மாத டெப்பாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று சேர்த்துக் கேட்பது வழக்கம். மொத்தத்தில் மூன்றரை மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீடு தேட வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கி முத்திரைக் கட்டணம் கட்டிவிடுங்கள். நம் ஆட்கள்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால், டெப்பாசிட்டைத் திரும்பக் கேட்கும்போது மனக்கசப்புதான் மிஞ்சும்.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சும்மா கிடக்கும் வீட்டை யாராவது மலிவாக விடுவதாகச் சொன்னால் அவசரப்படாதீர்கள். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. அது வேலை செய்கிறவருக்குக் கொடுக்கப்பட்டது, வேலை முடிந்தால் வீடும் போய்விடும். வெளியாருக்கு வாடகைக்கு விட அவருக்கு உரிமை இருக்கிறதா என்று தோட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்ட எழுத்தரான கிராணியிடம் ஒரு வார்த்தை கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். பால்மரம் போய் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான்கள் (வீடமைப்புப் பகுதிகள்) எழும்பிக்கொண்டிருக்கும் வட்டாரம் இது. நிலம் எப்போது கைமாறும் என்று லயத்தில் இருப்பவர்களுக்கே கடைசியில்தான் தெரியவரும்.

அட்டையும் பாஸும்

முதலில் ஒரு டச் என் கோ அட்டை வாங்குங்கள். கேடிஎம் கொமுட்டர் (நம் ஊர்ப் பக்கம் வரும் புறநகர் ரயில்), நகர ரயில்களான எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பஸ் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே அட்டை செல்லும். கைப்பேசியில் தட்டிப் பணம் ஏற்றக்கூடிய புதிய வகை அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். பழைய அட்டைக்குப் பணம் ஏற்ற எண்ணெய் நிலையமோ வேறு கவுண்டரோ தேட வேண்டும், பல இடங்களில் 50 சென் கூடுதலாகவும் பிடிப்பார்கள். அட்டையில் இருபது வெள்ளிக்குக் குறையாமல் வைத்திருங்கள். காலை ஐந்தே முக்காலுக்கு நிலையத்து வாசலில் சிவப்பு விளக்கு எரிந்து கதவு திறக்காமல் நிற்கும்போதுதான் அந்த இருபது வெள்ளியின் அருமை தெரியும். பின்னால் நிற்பவர்களுக்கும் வண்டி போய்விடும்.

மலேசியக் குடிமகனாக இருந்தால், மாதம் 50 வெள்ளிக்கு மை50 என்ற பாஸ் எடுக்கலாம். 30 நாளுக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் கேஎல் பஸ் எத்தனை முறை ஏறினாலும் அதே 50 வெள்ளிதான். அதில் கேடிஎம் சேராது என்பதை மறந்துவிடாதீர்கள். புதிதாக வருபவர்கள் பலர் எல்லா ரயிலும் ஒன்றுதான் என்று நினைத்து மாதச் செலவைத் தப்பாகப் போட்டுவிடுகிறார்கள். நம் ஊரிலிருந்து நகரத்துக்குக் கேடிஎம் கட்டணம் தனி, நகரத்துக்குள் சுற்றுவதற்கு மை50 தனி. அலுவலகம் கேடிஎம் நிலையத்திலிருந்தே நடக்கும் தூரத்தில் இருந்தால் மை50 எடுக்கத் தேவையில்லை. இந்தியாவிலிருந்து பெர்மிட்டில் வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு இந்த பாஸ் கிடைக்காது, அவர்கள் டச் என் கோவிலேயே கட்டிப் போக வேண்டியதுதான்.

முதல் நாளுக்கு முன் ஒரு ஒத்திகை

வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது என்றால், அதற்கு முந்திய வாரத்தில் ஒரு வேலை நாளில் முழுப் பயணத்தையும் செய்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பயனில்லை, அன்று வண்டி நேரமும் கூட்டமும் வேறு. வீட்டிலிருந்து கிளம்பி, ரயில் பிடித்து, எங்கே மாற வேண்டுமோ அங்கே மாறி, அலுவலக வாசலைத் தொட்டுவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பி வாருங்கள். பகலில் சும்மா இருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை. கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. வாழை இலையில் சாப்பிட்டுவிட்டுத் தேவையான சாமான் வாங்கிக்கொள்ளலாம்.

கெடாவிலிருந்து வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வெள்ளி, சனி விடுமுறை. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் சனி, ஞாயிறுதான். வெள்ளிக்கிழமை காலை அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

காலை

இரவே சட்டையைத் தேய்த்து மாட்டி, சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். நம் ஊரில் காலை என்பது முழு இருட்டு. பெரும்பாலும் ஏழு மணி தாண்டித்தான் சூரியன் வரும். 1982 சனவரி 1 முதல் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால், ஐந்தரை மணிக்கு எழுபவர் சூரியக் கணக்கில் இன்னும் சீக்கிரமாகவே எழுகிறார். உடம்பு பழக ஒரு மாதம் ஆகும். அதுவரை இரவு பத்து மணிக்குப் படுத்தே ஆக வேண்டும்.

நிலையத்துக்கு மோட்டாரில் (மோட்டார் சைக்கிளில்) போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தோட்டத்துச் சாலையில் இரவெல்லாம் மாடுகள் படுத்திருக்கும். பகல் வெயிலில் சூடான தார் இரவிலும் கதகதப்பாக இருப்பதால் நடுச்சாலையில்தான் படுக்கும். கறுப்பு மாடு, கறுப்புச் சாலை, விடியாத நேரம். வண்டி விளக்கில் முதலில் தெரிவது அதன் கண்தான், அது திரும்பிப் படுத்திருந்தால் அதுவும் தெரியாது. அப்புறம் முந்திய நாள் குலை ஏற்றிப் போன லோரியிலிருந்து உதிர்ந்த செம்பனைப் பழங்கள். சக்கரம் ஏறி நசுங்கினால் அந்த இடம் முழுக்க எண்ணெய். வளைவில் அதில் ஏறினால் வண்டி நிற்காது. நாற்பதுக்கு மேல் போகாதீர்கள், முன்விளக்கு மங்கலாக இருந்தால் சம்பளம் வந்ததும் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

பசியாறுவதை வீட்டிலேயே முடியுங்கள், முடியாவிட்டால் நிலையத்துக்கு வெளியே நாசி லெமாக் பொட்டலம் விற்கும் அக்காவிடம் வாங்கி நடைமேடைக்குப் போகும் முன்னால் சாப்பிட்டுவிடுங்கள். ரயிலுக்குள் சாப்பிடக் கூடாது. சம்பல் வாசனை மூடிய பெட்டிக்குள் ஒரு மணி நேரம் நிற்கும், வெறும் வயிற்றோடு நிற்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் பிடிக்க வேண்டிய வண்டி எதுவோ, அதற்கு முந்திய வண்டியைப் பிடிக்கப் பழகுங்கள். இது எம்ஆர்டி இல்லை, ஒன்று போனால் ஐந்து நிமிடத்தில் அடுத்தது வருவதற்கு. ரவாங்குக்கு வடக்கே ஒரு வண்டியை விட்டால் அரை மணி நேரமோ அதற்கு மேலோ நிற்க வேண்டிவரும். கால அட்டவணையும் அவ்வப்போது மாறும், அதனால் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய தாளை நம்பாமல் கேடிஎம் செயலியில் பாருங்கள்.

நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். இதே தண்டவாளத்தில்தான் ஈடிஎஸ் என்ற நெடுந்தூர விரைவு வண்டியும் போகிறது. அதன் வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை. நிற்காமல் கடந்து போகும்போது காற்றே ஆளைத் தள்ளும். சில ஈடிஎஸ் வண்டிகள் நம் நிலையத்திலும் நிற்கும். சீக்கிரம் போய்விடலாம் என்று அதில் ஏறிவிடக் கூடாது, அதற்கு டிக்கெட் வேறு.

பெண்களுக்கு: கொமுட்டரின் நடுப்பகுதியில் இளஞ்சிவப்பு அடையாளம் போட்ட பெட்டி பெண்களுக்கு மட்டும். 2010இல் வந்த ஏற்பாடு. நடைமேடையின் நடுவில் நின்றால் அந்தக் கதவு நேராக வரும். ஆண்கள் அவசரத்தில் ஏறிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எங்கே மாறுவது

எல்லோரும் கேஎல் சென்ட்ரல் வரை போய்த்தான் மாற வேண்டும் என்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டால் தினமும் கொஞ்ச நேரமும் நிறைய எரிச்சலும் மிச்சமாகும்.

ஜாலான் துன் ரசாக், அம்பாங் பார்க், டிஆர்எக்ஸ், பொது மருத்துவமனைப் பக்கம் வேலை என்றால் சுங்கை பூலோவிலேயே இறங்கி எம்ஆர்டி புத்ராஜெயா தடத்துக்கு மாறுங்கள். 2023 மார்ச்சில் அந்தத் தடம் முழுதாகத் திறந்த பிறகு வடக்கிலிருந்து வருபவர்களுக்குப் பெரிய விடிவு. சுங்கை பூலோ அந்தத் தடத்தின் தொடக்கப் பக்கத்தில் இருப்பதால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கெப்போங் சென்ட்ரலில் இறங்கி நடைபாலம் வழியாக ஸ்ரீ டாமன்சாரா தீமோர் நிலையத்துக்குப் போயும் அதே தடத்தைப் பிடிக்கலாம். மழை நாளில் எனக்குச் சுங்கை பூலோதான் வசதி.

மஸ்ஜிட் ஜாமெக், புடு பக்கம் போகிறவர்கள் பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி, பண்டாராயா எல்ஆர்டி நிலையத்துக்கு நடந்துவிடலாம். கேஎல்சிசி, பங்சார், கெலானா ஜெயா என்றால் கேஎல் சென்ட்ரல். மோனோரயிலுக்கும் அதே இடம்தான், ஆனால் நூ சென்ட்ரல் கடைத்தொகுதியைக் கடந்து நடக்க வேண்டும், அதற்குப் பத்து நிமிடம் வையுங்கள். சுபாங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் வேலை என்றால் இறங்கவே வேண்டாம், இதே வண்டி பெலாபுஹான் கிள்ளான் வரை போகும்.

மாலை

இப்போது கஷ்டமான பாதி. கேஎல் சென்ட்ரலில் வடக்கே போகும் நடைமேடைக்கு இரண்டு தடத்து வண்டிகள் வரும். ஒன்று தஞ்சோங் மாலிம், இன்னொன்று பத்து கேவ்ஸ். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். கூட்டம் தள்ளுகிற தள்ளலில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டால், கண்ணை நிமிர்த்தும்போது பத்துமலை அடிவாரத்தில் நிற்பீர்கள். பலகையில் தஞ்சோங் மாலிம் என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு ஏறுங்கள். தப்பாக ஏறிவிட்டாலும் பதற வேண்டாம். கோலாலம்பூர், பேங்க் நெகாரா, புத்ரா வரை இரண்டு தடமும் ஒன்றுதான். புத்ராவிலோ அதற்கு முன்போ இறங்கி அடுத்த வண்டிக்கு நின்றுகொள்ளலாம். புத்ராவைத் தாண்டி அடுத்து செந்தூல் வந்தால் தப்பு வண்டி, செகாம்புட் வந்தால் சரியான வண்டி.

கேஎல் சென்ட்ரலில் ஏறும்போது பெட்டி ஏற்கெனவே நிறைந்திருக்கும். கதவோரம் ஒட்டிக்கொள்ளாமல் உள்ளே நகர்ந்துவிடுங்கள். கெப்போங், சுங்கை பூலோ என்று வரிசையாக ஆட்கள் இறங்குவார்கள், ரவாங்கில் பாதிப் பெட்டி காலியாகும். நம் தூரத்துக்காரர்களுக்கு இடம் கிடைப்பது அங்கேதான். அப்போது உட்கார்ந்ததும் தூக்கம் தள்ளும். ரவாங்கில் உட்கார்ந்து ராசாவில் விழித்தவர்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. கைப்பேசியில் அலாரம் வைத்துவிட்டுத் தூங்குங்கள், அல்லது எதிரில் இருக்கும் முகம் தெரிந்த ஆளிடம் "அண்ணே, பத்தாங்காலி வந்தா எழுப்புங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒரே வண்டியில் போகிறவர்கள் ஒரு மாதத்தில் முகம் பழகிவிடுவார்கள். முதலில் தலையாட்டுவதில் தொடங்கும். பிறகு வண்டி தாமதம் என்றால் வாட்ஸ்அப்பில் செய்தி வரும் அளவுக்கு நெருக்கமாகும். ஊருக்குப் புதியவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை, கூச்சப்படாமல் பேசுங்கள்.

மழை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை நான்கு மணிக்கு மேல் இடியோடு கொட்டும். சாலை நெரிசல் முற்றி, மோட்டாரில் போகிறவர்களும் ரயிலுக்கு வந்துவிடுவார்கள். இடி மின்னலில் மின்கம்பிக் கோளாறு வந்து வண்டியே நின்றுவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட நாளில் இரண்டு வழி. ஒன்று, வேலை முடிந்ததும் ஓடிப்போய்ப் பிடிப்பது. அது முடியாவிட்டால் அவசரமே படாமல் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு மேல் கிளம்புவது. ஆறரையிலிருந்து ஏழரை வரை நடைமேடையில் நனைந்த சட்டையோடு நிற்பதற்கு, சூடாக ஒரு தே தாரேயும் ரொட்டி சானாயும் எவ்வளவோ மேல். ஆனால் ஊருக்குப் போகும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் கைப்பேசியில் எழுதி வைத்திருங்கள். எம்ஆர்டி நள்ளிரவு வரை ஓடுகிறதே என்று நகரத்து நண்பர்களோடு உட்கார்ந்துவிட்டால் நம் வண்டி போய்விட்டிருக்கும்.

நிலையத்தில் இறங்கிய பிறகும் பயணம் முடியவில்லை. மோட்டாரை நிலையத்தில் விட்டிருந்தால் இருக்கைக்கு அடியில் மழைச்சட்டையும் ஒரு பழைய துணியும் எப்போதும் இருக்கட்டும். நல்ல பூட்டு இரண்டு போடுங்கள், விளக்குக்குக் கீழே, மற்ற வண்டிகளோடு சேர்த்து நிறுத்துங்கள். வண்டி இல்லாதவர்கள் யாரையாவது வந்து ஏற்றிக்கொள்ள ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு மாதம் ஒரு தொகை பேசிவிட்டால் இரு பக்கமும் நல்லது. ஸ்மார்ட் சிலாங்கூர் இலவச பஸ் உங்கள் தாமானைத் தொடுகிறதா என்றும் கேளுங்கள். தொட்டாலும் இரவு எத்தனை மணி வரை என்பதுதான் முக்கியமான கேள்வி. தனியாக வரும் பெண்பிள்ளைகள், எந்த வண்டியில் வருகிறேன் என்று ரவாங்கைக் கடக்கும்போதே வீட்டுக்கு ஒரு செய்தி போட்டுவிடுங்கள். தோட்டத்துக் குறுக்குவழி எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தினாலும் இருட்டிய பிறகு வேண்டாம். பாம்பு, காட்டுப்பன்றி, ஆள் நடமாட்டம் இல்லாமை மூன்றுமே காரணம்.

மோட்டாரிலேயே போய்விடலாமா?

எல்லாப் பையன்களும் கேட்கிறார்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கு டோல் இல்லை, ரவாங் மாற்றுச்சாலை 2017இல் திறந்த பிறகு பழைய சாலையும் வேகமாகிவிட்டது, எண்ணெய்ச் செலவு குறைவு. கணக்குப் போட்டால் மோட்டார்தான் லாபம். ஆனாலும் தினமும் நகரம் வரை மோட்டாரில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். இந்நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டாரில் போனவர்கள். அதிலும் ஷிப்ட் முடித்து, இரவு, மழையில், லோரிகளுக்கு நடுவே வீடு திரும்பும் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நம் ஊர்க் கோயில்களில் அன்னதானப் பலகையில் இருபது வயதுப் பிள்ளைகளின் நினைவுப் பெயர்களைப் படித்துப் பாருங்கள். நிலையம் வரை மோட்டார், அங்கிருந்து ரயில். இரவு ஷிப்டாக இருந்து ரயில் ஒத்துவரவில்லை என்றால், கம்பெனி வேன் வைக்கும் வேலையைத் தேடுங்கள். சுங்கை சோவில் பெரோடுவா தொழிற்சாலையும் அதைச் சுற்றிப் பல தொழிற்சாலைகளும் இருக்கின்றன. எல்லா வேலையும் கோலாலம்பூரில்தான் என்று இல்லை.

வேலைக்குப் போகும் வழியும் காப்புறுதிதான்

இது பலருக்குத் தெரியாது. சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) சந்தா கட்டும் தொழிலாளி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும்போதோ வரும்போதோ விபத்தில் சிக்கினால் அதுவும் வேலை விபத்தாகக் கணக்கில் வரும். மருத்துவமும் வேலை செய்ய முடியாத நாட்களுக்கான பணமும் கேட்டு வாங்கலாம். வழக்கமான வழியில் போயிருக்க வேண்டும் என்பது முக்கியம். பாதியில் வேறு சொந்த வேலையாக விலகிப் போயிருந்தால் சிக்கல் வரும். விபத்து நடந்தால் போலீஸ் புகார் கொடுங்கள், அன்றே முதலாளிக்குத் தெரிவியுங்கள். தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குச் சொல்ல வேண்டும். டிக்கெட் விவரம், மருத்துவச் சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள். வேலையில் சேரும்போதே சம்பளச் சீட்டில் சொக்சோவும் ஈபிஎப்பும் (சேமநிதி) பிடிக்கிறார்களா என்று பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 1,700 வெள்ளிக்குக் குறையக் கூடாது, வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். வேலை நேரம் பேசும்போது, காலையில் அரை மணி நேரம் முன்னால் வந்து மாலையில் அரை மணி நேரம் முன்னால் போகலாமா என்று கேளுங்கள். ஒத்துக்கொள்கிற முதலாளிகள் இருக்கிறார்கள், அந்த அரை மணி நேரம் மாலைப் பயணத்தையே மாற்றிவிடும்.

வீட்டில்

ஏழரை எட்டு மணிக்கு வீடு வந்து சேருபவருக்குச் சமையல் பெரிய சுமை. ஞாயிற்றுக்கிழமை அரைத்து வைத்த மசாலாவும் வாரம் ஒரு முறை வரும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையும்தான் கைகொடுக்கும். உங்கள் தாமானுக்கு எந்தக் கிழமை என்று முதல் வாரமே கேட்டு, அன்று காய்கறி வாங்கிவிடுங்கள்.

தண்ணீர் நிற்கும் நாள் வரும். ஆயர் சிலாங்கூர் செயலியில் முன்கூட்டியே அறிவிப்பார்கள், சில நேரம் ஆறு மாசுபட்டு எந்த அறிவிப்பும் இல்லாமலும் நிற்கும். ஒரு பெரிய தொட்டியில் பிடித்து வையுங்கள், இறுக்க மூடி வையுங்கள். மூடாத தண்ணீர் ஒரு வாரம் நின்றால் ஏடிஸ் கொசு பெருகும். பகல் முழுக்க ஆள் இல்லாத வீட்டில் இது இன்னும் மோசம், டிங்கி வந்தால் இரண்டு வாரச் சம்பளம் போகும்.

பக்கத்து வீடுகளில் முதல் வாரத்திலேயே தலைகாட்டிவிடுங்கள். வயதானவர்களிடம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள், அப்பா பெயர் என்ன என்ற கேள்வி வரும். நேராகப் பதில் சொல்லுங்கள். அவர்களில் பலர் தோட்டத்தில் அதிகாலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்து பழகியவர்கள். இன்றும் நாலரைக்கு விளக்குப் போடுவார்கள். நீங்கள் பகல் முழுக்க வெளியூரில் இருக்கும்போது உங்கள் வாசலைப் பார்த்துக்கொள்பவர்கள் அவர்கள்தான். ஒரு பாட்டியிடம் வீட்டுச் சாவியின் நகல் ஒன்றைக் கொடுத்து வைத்தால், மழைக்குத் துணி எடுத்து மடித்தே வைத்திருப்பார். தீபாவளிக்கு அவருக்கு ஒரு சேலை எடுக்க மறக்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கில் சில நாட்கள்

நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டம் சீக்கிரம் தொடங்கிவிடும். நோன்பு துறக்க வீடு போகிறவர்களுக்கு அந்த நேரத்து வண்டி முக்கியம். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் அடுத்த வண்டிக்கு நில்லுங்கள், அது காலியாகவே வரும். நெடுவிடுமுறைக்கு முந்திய மாலை எந்த வழியும் நல்ல வழியில்லை. முடிந்தால் அன்று அரை நாள் விடுப்பு எடுங்கள்.

தைப்பூசத்துக்கு நம் ஊரிலிருந்து காரில் போகாதீர்கள். இரவு முழுக்கக் கூடுதல் ரயில் விடுவார்கள். பத்தாங்காலியில் ஏறி, புத்ராவில் இறங்கி, பத்து கேவ்ஸ் வண்டிக்கு மாறினால் மலை வாசலிலேயே இறக்கிவிடும். பால்குடம் எடுப்பவர்கள் விடியற்காலைக் கூட்டத்துக்கு முன்னால் போய்விடும்படி பாருங்கள். வயதானவர்களைத் தைப்பூசத்துக்கு முந்திய வாரத்திலேயே அழைத்துப் போய் வந்துவிடுங்கள். அப்போதும் காவடிகள் வந்துகொண்டுதான் இருக்கும், அவர்களுக்கு உட்கார இடமும் கிடைக்கும்.